முதல் ட்ரையத்லானுக்கு எலாஸ்டிக் ஷூ லேஸ்: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் என்று ஸ்பிரிண்ட் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு, அவசரத்தில் நடுங்கும் விரல்களோடு முடிச்சுப் போடும் அவதி இருக்காது.

ஆனால் மாட்டுவதில்தான் சூட்சுமம். ஷூவுக்குள் காலை விட்டு, எழுந்து நின்று இறுக்கத்தைப் பாருங்கள். விரல் பக்கத் துளைகளில் தளர்வாகவும், கணுக்காலை ஒட்டிய இரண்டு துளைகளில் சற்று இறுக்கமாகவும் இருக்கட்டும். முழுக்க இறுக்கினால் ஓட ஓட வீங்கும் பாதம் மரத்துப்போகும். முழுக்கத் தளர்த்தினால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் போடும்.

மிச்ச நுனியை உடனே வெட்டிவிடாதீர்கள் (பலர் செய்யும் தவறு இதுதான்). சைக்கிள் பயிற்சி முடிந்த கையோடு 3 கி.மீ. ஓடிப் பாருங்கள். லேஸைப் பிடித்து நிறுத்தும் பூட்டு நகரவில்லை என்றால் 3 செ.மீ. விட்டு வெட்டலாம்.

ஸ்பிரிங் பூட்டு வைத்தது, முண்டு முண்டாக இருப்பது என இரண்டு வகை உண்டு. முண்டு வகையைத் துளையில் நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும், ஆனால் நழுவாது. அகலப் பாதக்காரர்களுக்கு அதுவே மேல். கரடுமுரடான மண்பாதையில் ஓடுவதற்கு மட்டும் இரண்டுமே வேண்டாம்; பாதம் பக்கவாட்டில் ஆடும்.