இங்கிலாந்துப் பாராளுமன்றக் கையேடு: வாங்கலாம், 2 இடங்களைத் திருத்திக்கொண்டு

கிளிநொச்சி, வவுனியா ரியூசன் பிள்ளைகளிடையே இப்போது கைமாறும் இந்தப் போட்டோகொப்பிக் கையேட்டின் சிறந்த பகுதி, ரியூடர் அரச வம்ச காலத்தில் சட்டமூலம் எப்படிச் சட்டமானது என்பது பற்றியது. முதலாம் வாசிப்பு கடதாசியில். இரண்டாம் வாசிப்பின் பின் குழு. பிறகு தோற்சுருளில் எழுதி மூன்றாம் வாசிப்பு. அடுத்து மற்றச் சபை. கடைசியில் அரச சம்மதம். 'அரசர் விரும்புகிறார்' என்று பிரெஞ்சில் வாசித்தால் சட்டம். 'அரசர் யோசிப்பார்' என்றால் மறுப்பு. இந்த 2 வசனங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டது மிக நல்ல வேலை. இங்கேதான் பிள்ளைகள் குழம்புவார்கள்.

வரிப் பகுதி பிழை. பாராளுமன்றம் சம்மதித்து அரசருக்குக் கொடுத்த பத்திலொன்று, பதினைந்திலொன்று வரியை ஒவ்வொரு முறையும் அசையும் சொத்தை மதித்தே அறவிட்டதாக எழுதியிருக்கிறது. 1334 இல் ஒவ்வொரு ஊருக்கும் தொகை நிலையாகிவிட்டது. பிறகு ஊரவரே அதைத் தங்களுக்குள் பங்கிட்டார்கள். நகரங்களுக்குப் பத்திலொன்று, கிராமப்புறத்துக்குப் பதினைந்திலொன்று என்ற பிரிவும் விடுபட்டிருக்கிறது. யானையைத் திறையாகக் கொடுத்த வன்னிமைகளை, அதாவது வன்னியின் குறுநில ஆட்சிகளைப் படித்த பிள்ளைக்கு, திறைக்கும் சபை சம்மதித்துக் கொடுக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதை வீணாக்கியது கவலை.

இரண்டாவது பிழை சபாநாயகர் பற்றியது. 'நல்ல பாராளுமன்றம்' எனப்படும் 1376 பாராளுமன்றத்தில் பொதுச்சபைக்காகப் பேசிய பீற்றர் டி லா மேரை முதல் சபாநாயகர் என்கிறது. அந்தப் பதவிப் பெயர் பதிவாவது 1377 இல், தோமஸ் ஹங்கர்ஃபோர்ட்டுக்கே.

தேர்தல் பற்றி அரைப் பக்கம்தான். கவுண்டிகளில் வாக்களிக்க ஆண்டுக்கு 40 சில்லிங் நில வருமானம் வேண்டும் என்ற 1430 விதி சரியாக இருக்கிறது.

அச்சு மங்கல். வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.