ஊரணி நீருக்கான ஒட்டுண்ணிச் சோதனை: ஓர் ஆய்வகச் சேவை குறித்த மதிப்புரை

திருப்புல்லாணியை ஒட்டிய கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருப்பதால், காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாள்களில் ஊரணியையே நம்பியிருக்கிறோம். அறுவடை முடிந்த வயல்களில் போடப்படும் ஆட்டுக்கிடை மண்ணுக்கு உரம் சேர்க்கிறது என்றாலும், ஐப்பசி மழையில் அந்தப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் வரத்துக்கால் வழியே ஊரணிக்குள் வந்துவிடுகின்றன. அதனால் எங்கள் ஊரணி நீரை, கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா ஆகிய குடல் ஒட்டுண்ணிகள் உள்ளனவா என்று அறிய, சென்னையிலுள்ள தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம்.

வழக்கமாகச் செய்யப்படும் பாக்டீரியாச் சோதனை இதற்குப் போதாது. நீர் கருப்பாக மாறுகிறதா என்று பார்க்கும் சிறு குப்பிச் சோதனை மலக்கலப்பின் அடையாளமான பாக்டீரியாக்களையே காட்டும், ஒட்டுண்ணியைக் காட்டாது. குளோரினும் கைகொடுப்பதில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் ஈ.கோலை பாக்டீரியா சில நிமிடங்களுக்குள் மடிந்துவிடும். தடித்த உறைக்குள் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியத்தில் 99.9 சதவீதத்தைச் செயலிழக்கச் செய்ய அதே அளவு குளோரினுக்கு 10 நாள்களுக்கும் மேல் தேவைப்படும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றது, சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வந்த இந்த ஒட்டுண்ணியால்தான்.

ஆய்வகத்தின் செய்முறையில் எனக்குக் குறை இல்லை. 10 லிட்டர் நீரை நுண்வடிகட்டியில் செலுத்தி, சிக்கியவற்றை ஒட்டுண்ணியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய காந்தமணிகளால் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். மாதிரியை உறையவிடாமல் குளிர்ச்சியாக வைத்து, 96 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். கேனையும் பனிப்பெட்டியையும் அவர்களே அனுப்பினார்கள். கட்டணம் பாக்டீரியாச் சோதனையைவிடப் பல மடங்கு அதிகம். இத்தனை வேலைக்கு அது நியாயமே.

அறிக்கையை எழுதிய விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "கண்டறியப்படவில்லை" என்பதோடு நிறுத்தாமல், "குடிக்க உகந்தது" என்றும் சேர்த்திருந்தார்கள். கலங்கல் நீரில் வடிகட்டி அடைபட்டு, இருக்கும் ஒட்டுண்ணியில் ஒரு பகுதி மட்டுமே பிடிபடும். அதனால்தான் தெரிந்த எண்ணிக்கையில் ஒட்டுண்ணியைக் கலந்த இணை மாதிரி ஒன்றையும் சோதித்து, எவ்வளவு மீண்டது என்று பார்க்கிறார்கள். அந்த மீட்பு விகிதத்தை நாங்கள் கேட்ட பிறகே தந்தார்கள். அது குறைவாகவும் இருந்தது. அந்நிலையில், ஒரே மாதிரியை வைத்து ஊரார் குடிக்கலாம் என்று எழுதுவது பொறுப்பான செயல் அன்று. மேலும், நுண்ணோக்கி எண்ணிக்கை ஒட்டுண்ணி உயிருடன் உள்ளதா, ஆட்டிலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்று சொல்லாது; எதிலிருந்து வந்தது என்று அறிய மரபணுச் சோதனை வேண்டும் என்பதையும் அறிக்கை குறிப்பிடவில்லை.

இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம் என்றே சொல்வேன். ஆனால் மீட்பு விகிதத்தை அறிக்கையிலேயே எழுதித்தர முன்கூட்டியே கேளுங்கள். முதல் பெருமழை ஓடிவரும்போது வரத்துக்கால் வாயில் ஒரு மாதிரியும், ஊரணி நடுவில் ஒரு மாதிரியும் எடுங்கள். கோடையில் தெளிந்து நிற்கும் நீரை மட்டும் சோதிப்பதில் பயன் குறைவு. முடிவு எதுவானாலும், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஊரணி நீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இவ்விரண்டு ஒட்டுண்ணிகளும் அழிந்துவிடும்.