‘ஒரிஜினல் எஃப்டிடிஐ’ என்று போட்டு விற்கும் யூஎஸ்பி சீரியல் கேபிள்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டை மற்ற கருவிகளோடு இணைக்கும் சீரியல் கேபிள்கள் பற்றிய பதிவு இது. பயிற்சிக்கூடத்துக்கு என்று ஓர் ஆன்லைன் கடையில் 10 டிடிஎல் கேபிளும் (ராஸ்பெரி பை போன்ற சிறு போர்டுகளுக்கு) 10 ஆர்எஸ்-232 கேபிளும் (9 பின் கனெக்டர் உள்ள பழைய கருவிகளுக்கு) வாங்கினோம். இந்தக் கேபிள்களுக்கான சிப்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனிதான் எஃப்டிடிஐ. இரண்டின் விளம்பரத்திலும் ‘ஒரிஜினல் எஃப்டிடிஐ சிப், லினக்ஸ் சப்போர்ட் உண்டு’ என்று இருந்தது. வந்த 20-இல் ஒன்றுகூட அசல் இல்லை. அது பண நஷ்டத்தோடு போயிருக்கும். புகார் சொன்னபோது அந்தக் கடையின் டெக்னிக்கல் சப்போர்ட் கொடுத்த ‘டிரைவரை’ நம்பி இன்ஸ்டால் செய்ததில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்று லேப்டாப்களில் கெர்னல் மாட்யூலே (லினக்ஸோடு வரும் டிரைவர் ஃபைல்) கெட்டுப்போனது. அதனால்தான் இந்தப் பதிவு. இதே சரக்கு பல கடைகளில் பல பெயர்களில் விற்கிறது. எந்தக் கடையில் வாங்கினாலும் கீழே சொல்லும் சோதனைகள் பொருந்தும்.

கேபிள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஐடி, அதாவது உள்ளே எந்தச் சிப் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும் எண். டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று கொடுத்தால் போதும். எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர் என்றால் 0403:6001, மற்ற கம்பெனிச் சிப்களில் சிஎச்340 என்றால் 1ஏ86:7523, சிபி2102 என்றால் 10சி4:இஏ60, பழைய பிஎல்2303 என்றால் 067பி:2303. எங்களுக்கு வந்த ஆர்எஸ்-232 கேபிள் பத்தும் 1ஏ86:7523 என்றே காட்டின. அதாவது சிஎச்340. விளம்பரத்தில் போட்ட பெயருக்கும் சிப்புக்கும் சம்பந்தமே இல்லை. சிஎச்340 மட்டமான சிப் என்று சொல்லவில்லை, பெரும்பாலான வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அதை எஃப்டிடிஐ விலைக்கு விற்பது ஏமாற்று.

டிடிஎல் கேபிள்களில் ஏமாற்று இன்னும் நுணுக்கமானது. ஐடி சரியாக 0403:6001 என்றே வந்தது, எஃப்டிடிஐ சிப்களுக்கான எஃப்டிடிஐ_எஸ்ஐஓ மாட்யூலும் லோட் ஆனது, டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட்டும் வந்தது. பிடி கொடுத்தது சீரியல் நம்பர். அசல் எஃப்டி232ஆர் சிப் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் உண்டு. எங்களிடம் இருந்த பத்திலும் ஏ50285பிஐ என்ற ஒரே நம்பர். போலிச் சிப்களில் திரும்பத் திரும்ப வரும் பிரபலமான நம்பர் இது. இதைப் பார்க்கத் தனி டூல் எதுவும் வேண்டாம். இரண்டு கேபிளை ஒன்றாகச் செருகிவிட்டு, /டெவ்/சீரியல்/பை-ஐடி டைரக்டரியைத் திறந்து பாருங்கள். இரண்டு டிவைஸ் செருகியும் அங்கே ஒரே ஒரு லிங்க்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஒன்றின் இடத்தை மற்றது பிடித்துக்கொள்கிறது. பை-ஐடி பெயரை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு இதனால் ஆபத்து: ஒரு மெஷினுக்கு அனுப்பிய கமாண்ட் இன்னொரு மெஷினுக்குப் போகும். இப்படிப்பட்ட கேபிள் ஏற்கெனவே கையில் இருந்தால் பை-பாத் டைரக்டரியில் இருக்கும் பெயரைப் பயன்படுத்துங்கள். அது கேபிளைப் பொறுத்தது அல்ல, எந்த போர்ட்டில் செருகினோம் என்பதைப் பொறுத்தது.

போலி எஃப்டிடிஐ ‘லினக்ஸில் ஓடுதே, அப்புறம் என்ன’ என்று கேட்பவர்கள் 2014-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்களின் பிராடக்ட் ஐடியை 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. 2016-இல் வந்த இன்னொரு டிரைவர், டேட்டா வர வேண்டிய இடத்தில் ‘நான் ஜெனுவின் டிவைஸ் ஃபவுண்ட்!’ என்ற வரியை அனுப்பியது. யாரோ ஒருவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுத் திரும்ப வந்த கேபிள் லினக்ஸில் 0403:0000 என்று காட்டினால் காரணம் இதுதான். 2014-இன் கடைசியிலேயே அந்த ஐடியும் மாட்யூலின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டதால் இன்றைய கெர்னல்களில் போர்ட் வந்துவிடும், அதற்கு முந்தைய பழைய கெர்னலில்தான் வராது. அதில் தற்காலிகமாக ஓட்ட, மோட்ப்ரோப் மூலம் எஃப்டிடிஐ_எஸ்ஐஓவை லோட் செய்துவிட்டு, ரூட் ஆக இருந்து ‘0403 0000’ என்பதை /சிஸ்/பஸ்/யூஎஸ்பி-சீரியல்/டிரைவர்ஸ்/எஃப்டிடிஐ_எஸ்ஐஓ/நியூ_ஐடி என்ற ஃபைலில் எழுதினால் போர்ட் வந்துவிடும். ரீபூட் ஆனால் மறுபடி எழுத வேண்டும். நிரந்தரமாகத் திருத்த எஃப்டி232ஆர்_ப்ராக் என்ற டூலால் ஐடியை 6001 என்று திரும்ப எழுதலாம்.

இனி சப்போர்ட் செய்த காரியம். ‘லினக்ஸில் சிஎச்340 கேபிளில் போர்ட் வந்து உடனே மறைகிறது’ என்று எழுதினோம். பதிலுக்கு ஒரு ஜிப் ஃபைலை அனுப்பி, கம்பைல் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள் என்றார்கள். ஃபைலின் பெயரிலேயே சிஎச்341 இருந்தது (சிஎச்340 சிப்புக்கும் இதே டிரைவர்தான்). எஃப்டிடிஐ என்று விற்ற கேபிளுக்கு சிஎச்341 டிரைவரை அனுப்புவதே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. அந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம், ரீஃபண்ட் கேட்டபோது அதுதான் கைகொடுத்தது.

அந்த டிரைவர் தேவையே இல்லை. கெர்னலுக்குள் இருக்கும் சிஎச்341 மாட்யூல் 2007-இல் எழுதப்பட்டது. வழக்கமான டிஸ்ட்ரோக்களில் கெர்னலோடேயே வருகிறது. மோட்இன்ஃபோ சிஎச்341 என்று கொடுத்துப் பாருங்கள், எரர் வராமல் தகவல் வந்தால் மாட்யூல் இருக்கிறது என்று அர்த்தம். ஜிப்பில் வந்ததோ பழைய கெர்னலுக்கு எழுதிய கோடு. புதிய கெர்னலில் கம்பைல் செய்தால் சிக்னல்_பெண்டிங் என்ற ஃபங்ஷன் தெரியவில்லை என்று எரர் வரும், காரணம் 4.11 கெர்னலில் அது வேறு ஹெடர் ஃபைலுக்குப் போய்விட்டது. சப்போர்ட்டில் இருந்தவர் அதற்கும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கம்பைல் ஆனது. கூடவே இருந்த இன்ஸ்டால் ஸ்கிரிப்ட், கெர்னலோடு வந்த சிஎச்341 ஃபைலை அழித்துவிட்டுத் தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தது. லேப்டாப்பில் செக்யூர் பூட் ஆன் ஆகி இருந்ததால், கையொப்பம் இல்லாத அந்த மாட்யூலை கெர்னல் ஏற்கவில்லை: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’.  அடுத்த மெயிலில் செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு, போர்ட்டுக்கு 777 பெர்மிஷன் (யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத அனுமதி) கொடுக்கச் சொன்னார்கள். கடைசியாக, ‘லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட் போயிருக்கும், சர்வீஸுக்குக் கொடுங்கள்’ என்றார்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஓஎஸ்ஸை மறுபடி போட வேண்டியதில்லை. உபுண்டு, டெபியன் வகைகளில் மோட்இன்ஃபோவுக்கு மைனஸ் என் கொடுத்தால் மாட்யூல் ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டும். பாதையில் ‘அப்டேட்ஸ்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒரு டைரக்டரி வந்தால் அது வெளியிலிருந்து வந்த மாட்யூல். அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பாதை கெர்னல்/டிரைவர்ஸ்/யூஎஸ்பி/சீரியல் என்று சரியாகவே இருந்தும் சைனர் என்ற வரி காணாமல் போயிருந்தால், அசல் ஃபைலின் மேலேயே எழுதிவிட்டார்கள். அப்போது டிபிகேஜி மைனஸ் பெரிய எஸ் கொடுத்து, அந்த ஃபைல் எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அதே பேக்கேஜை ஏபிடியில் ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு டெப்மோட் மைனஸ் ஏ. மோட்இன்ஃபோவில் சைனர் வரி திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள். எங்கள் மூன்று லேப்டாப்களும் இப்படித்தான் சரியாயின.

ஆர்ச் லினக்ஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: கெர்னல் அப்டேட் ஆன பிறகு ரீபூட் செய்யாமல் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் டைரக்டரி டிஸ்க்கில் இருக்காது. மோட்ப்ரோப் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லும். ரீபூட் செய்தால் போதும்.

சரி, போர்ட் வந்து மறைந்ததற்கு உண்மையான காரணம் என்ன? அதை லாக் முதல் நாளே சொல்லிவிட்டது. டிமெசெஜ்ஜை சுடோவோடு, மைனஸ் டபிள்யூ போட்டு ஓட விட்டுக் கேபிளைச் செருகினால், சிஎச்341 கன்வெர்ட்டர் டிடிஒய்யூஎஸ்பி0-இல் இணைந்தது என்று வரும். அடுத்த நொடியே ‘இண்டர்ஃபேஸ் 0 க்ளெய்ம்ட் பை சிஎச்341 வைல் பிஆர்எல்டிடிஒய் செட்ஸ் கான்ஃபிக்’ என்று ஒரு வரி, பிறகு டிஸ்கனெக்ட். பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் டிஸ்பிளேக்களுக்கான சர்வீஸ். சில பிரெயில் கருவிகளுக்குள்ளும் இதே சிப், இதே ஐடி. அதனால் உபுண்டு 22.04-இல் அதன் யூடெவ் ரூல் (கருவியைச் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் விதி) நம் கேபிளையும் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. சிபி2102 ஐடியும் அந்த ரூலில் உண்டு. பல இடங்களில் ‘பிஆர்எல்டிடிஒய்யைத் தூக்கிவிடு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரை பிரெயில் டிஸ்பிளேயோடு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்காமல் அதைச் செய்யாதீர்கள், அவர்களுக்கு அது கண். யாரும் இல்லை என்றால் ஏபிடியில் ரிமூவ் செய்யலாம். இருந்தால், /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி-இல் உள்ள 85-பிஆர்எல்டிடிஒய் ரூல்ஸ் ஃபைலை அதே பெயரில் /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி-க்கு காப்பி செய்து, 1ஏ86:7523 வரும் வரியை மட்டும் ஹாஷ் போட்டு அடைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

777 பெர்மிஷன் விஷயமும் தவறான யோசனைதான். கேபிளைக் கழற்றிச் செருகினால் அது போய்விடும். உபுண்டு, டெபியனில் உங்கள் யூசரை டயல்அவுட் குரூப்பிலும், ஆர்ச்சில் யூயூசிபி குரூப்பிலும் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

லாக்கில் எதுவுமே வரவில்லை என்றால் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மைக்ரோ யூஎஸ்பி போர்டு என்றால் அதில் செருகியது டேட்டா ஒயர் இல்லாத சார்ஜிங் கேபிளாக இருக்கலாம். ‘எரர் மைனஸ் 71’ அல்லது ‘மைனஸ் 110’ என்று வந்தால் ஒயர், ஹப், சாலிடரிங், இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். எந்த மாட்யூலும் அதைச் சரிசெய்யாது.

எல்லாவற்றையும்விடக் கோபம் வந்தது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது. ஆர்எஸ்-232 என்றால் சும்மா இருக்கும் நேரத்தில் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) பின்னில் மைனஸ் வோல்டேஜ் இருக்க வேண்டும். 9 பின் கனெக்டரில் 3-ஆம் பின்னுக்கும் 5-ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் நல்ல கேபிளில் மைனஸ் 5 வோல்ட்டோ அதைவிடக் கீழேயோ காட்டும். பத்தில் ஆறு கேபிளில் 0 வோல்ட். உள்ளே ஆர்எஸ்-232 லெவல் மாற்றும் பகுதியே இல்லை, சிப்பின் சிக்னலைத் தலைகீழாக்கி 0-வுக்கும் 5-க்கும் இடையே அனுப்பி ஒப்பேற்றியிருக்கிறார்கள். சில கருவிகள் அதையும் ஏற்றுக்கொள்ளும். ஸ்டாண்டர்டுபடி மைனஸ் 3 வோல்ட்டுக்குக் கீழே எதிர்பார்க்கும் பழைய பிஎல்சி (தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்), எடை மெஷின் போன்றவை வாயே திறக்காது. அப்போது பழி லினக்ஸ் மேல் விழும். டிடிஎல் கேபிளிலும் டிஎக்ஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்துவிடுங்கள். ஜம்பரை 3.3-இல் வைத்தாலும் சில போர்டுகளில் பவர் பின் மட்டும்தான் 3.3 ஆகிறது, டிஎக்ஸ்ஸில் 5 வோல்ட் அப்படியே நிற்கிறது. ராஸ்பெரி பை பின்னில் அதைக் கொடுத்தால் போர்டு போய்விடும்.

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் அனுப்பியதே திரும்ப வருகிறதா என்று பார்க்கும் லூப்பேக் டெஸ்ட் அவசியம். 2, 3 பின்களை ஒயரால் இணைத்து, எஸ்டிடிஒய் கமாண்டில் 115200, ரா, மைனஸ் எக்கோ மூன்றையும் கொடுங்கள். எக்கோவை அணைக்க மறந்தால் வந்த எழுத்தே திரும்பத் திரும்பச் சுற்றி முடிவே வராது. ஒரு டெர்மினலில் போர்ட்டைப் படித்து ஃபைலில் சேமித்தபடி, இன்னொன்றிலிருந்து 1 எம்பி ஃபைலை அனுப்பி, சிஎம்பி கமாண்டால் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேகத்தில் 91 விநாடி பிடிக்க வேண்டும். பிறகு 921600-இலும் ஒரு தடவை. எங்கள் டிடிஎல் கேபிள்களில் நான்கு இந்த வேகத்தில் பைட்டுகளைத் தவறவிட்டன. அசல் எஃப்டி232ஆர் 3 மெகாபாட் வரை போகும் சிப்.

எல்எஸ்யூஎஸ்பி அவுட்புட், பை-ஐடி ஸ்கிரீன்ஷாட், மல்டிமீட்டர் போட்டோ, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் சேர்த்து அனுப்பிய பிறகு ஆர்எஸ்-232 கேபிள்களுக்குப் பணம் திரும்ப வந்தது. டிடிஎல் பத்துக்கும் ‘ஐடி எஃப்டிடிஐ என்றுதானே காட்டுகிறது’ என்று மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அந்தப் பத்துக் கேபிள்களிலும் சிவப்பு டேப் சுற்றி, ‘115200-க்கு மேல் வேண்டாம், விண்டோஸில் செருகாதே’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.