எவரெஸ்டா, அன்னபூர்ணாவா? நேபாளம் கிளம்பும் முன் ஒரு கணக்கு

நேபாளத்தில் மலை நடை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது எவரெஸ்ட் பேஸ் கேம்ப்தான். ஆனால் கையில் இருப்பது இரண்டு வார லீவு, நடக்கவும் வேண்டும், நாலு இடம் சுற்றிப் பார்க்கவும் வேண்டும் என்றால் என் ஓட்டு அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கு.

முதலில் உயரம். எவரெஸ்ட் முகாம் 5,364 மீட்டர், அன்னபூர்ணா முகாம் 4,130. வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தானே என்று தோன்றும். உடம்புக்கு அது சொச்சம் இல்லை. எவரெஸ்ட் முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் உடம்பு பழக, வழியில் நாம்சே பஜாரில் (3,440) ஒரு நாள், டிங்போச்சேயில் (4,410) ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்கிறார்கள். தங்குவது என்றால் போர்த்திக்கொண்டு படுப்பதல்ல. பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இரவு கீழே வந்து தூங்குவது. இப்படி, விமானம் இறங்கி நடை தொடங்கும் லுக்லாவிலிருந்து லுக்லா திரும்ப 12 நாள் போய்விடும். அன்னபூர்ணாவில் 3,000 மீட்டருக்கு மேல் தூங்குவது இரண்டு மூன்று இரவுகள்தான். பொக்ராவில் கிளம்பி ஒரு வாரம், பத்து நாளில் பொக்ரா திரும்பிவிடலாம். அதற்காக 4,130-இல் தலை வலிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம் லுக்லா. 527 மீட்டர் ஓடுபாதை, அதுவும் சரிவாக. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. காற்று எழும் முன் காலையிலேயே விமானங்கள் வந்து போயாக வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சீசனில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்தே கிளம்புவதில்லை. நள்ளிரவு தாண்டி வண்டி ஏறி, மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் குலுங்கி, ராமேசாப் மாவட்டத்து மந்தலி விமான நிலையத்துக்குப் போக வேண்டும். திரும்பும்போது விமானம் ரத்தானால் சமாளிக்க இரண்டு நாளாவது கையிருப்பு வேண்டும். அந்த இரண்டு நாள் எங்கிருந்து வரும்? காத்மாண்டு பக்கத்துப் பழைய நகரங்களான பக்தபூருக்கும் பாடனுக்கும் ஒதுக்கி வைத்ததிலிருந்துதான்.

அன்னபூர்ணா இங்கேதான் ஜெயிக்கிறது. பொக்ரா வரை ரோடு, அங்கிருந்து காந்த்ருக் பக்கமும் ஜீப். ஃபேவா ஏரி, சராங்கோட் சூரிய உதயம் எல்லாம் நடை தொடங்கும் ஊரிலேயே இருக்கின்றன. கூடவே முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் வழிபடும் தலம். பொக்ராவிலிருந்து, கோயிலுக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் ஊருக்குச் சின்ன விமானத்தில் இருபது நிமிடம், இல்லையென்றால் ஜீப்பில் ஒரு பகல் முழுக்க. அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொக்ரா 800 மீட்டர் சொச்சம், கோயில் 3,700-க்கு மேல். ஒரே மூச்சில் ஏறாமல் ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

அன்னபூர்ணா சுலபம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வழியில் வரும் சோம்ரோங் கிராமத்தில் கல்படிகள் ஆறு வரை இறங்கிக்கொண்டே போகும். பாலம் தாண்டினால் சினுவாவுக்கு அதே அளவு ஏற்றம். திரும்பும்போதும் இதே கதைதான். மூச்சு தாங்கினாலும் முட்டி கெஞ்சும். இன்னும் மேலே தேவுராலி பக்கம் பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2020 ஜனவரியில் அங்கே தென்கொரியர்களும் நேபாள வழிகாட்டிகளும் பலியானார்கள். அக்டோபர், நவம்பர்தான் பாதுகாப்பான மாதங்கள். மார்ச், ஏப்ரலில் போனால் மலையெங்கும் லாலிகுராஸ் (ரோடோடென்ட்ரான்) பூத்திருக்கும், ஆனால் மேலே பனி நிலவரத்தைக் கேட்டுவிட்டே நகர வேண்டும்.

காட்சியில் எது மேல்? எவரெஸ்ட் முகாமில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. அதற்குக் காலா பத்தர் என்ற 5,500 மீட்டர் தாண்டிய மேட்டில் தனியாக ஏற வேண்டும், பெரும்பாலும் விடியற்காலைக் குளிரில். அன்னபூர்ணா முகாமில் லாட்ஜ் கதவைத் திறந்தாலே நாலு பக்கமும் மலை. ஆனாலும் நியாயமாகச் சொன்னால், தெங்போச்சே மடாலயமும் அதற்கு மேலே நிற்கும் ஆமா தப்லாம் சிகரமும் கும்பு பனிப்பாறையும் வேறெங்கும் கிடைக்காது. மூன்று வாரம் லீவு கிடைப்பவர்களிடம் நான் எவரெஸ்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

செலவில் பெர்மிட் பெரிய விஷயமே இல்லை. நம்மையும் சேர்த்து சார்க் நாட்டவருக்கு அன்னபூர்ணா 1,000 நேபாள ரூபாய், எவரெஸ்ட் பாதை செல்லும் சாகர்மாதா தேசியப் பூங்கா 1,500, அதோடு கும்பு உள்ளாட்சிக் கட்டணம் தனி. நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. பணத்தைத் தின்பது லுக்லா விமானமும், ஏற ஏறக் கூடும் சாப்பாட்டு விலையும்தான். சோற்றுக்காரர்களுக்குக் கவலையில்லை: இரண்டு பாதையிலும் தால்பாத் (பருப்பும் சோறும்) உண்டு, பொதுவாக மறுசோறு கேட்டால் காசு வாங்குவதில்லை.

இரண்டுக்குமே நாள் போதவில்லையா? லாங்டாங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். காத்மாண்டுவிலிருந்து பஸ்ஸிலேயே ஸ்யாப்ருபேசி, அங்கிருந்து நடந்து 3,870 மீட்டர் கியாஞ்சின் கோம்பா. 2015 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் கிராமமே புதைந்தது; மிஞ்சியவர்கள் பக்கத்திலேயே திரும்பக் கட்டி லாட்ஜ் நடத்துகிறார்கள்.

எந்தப் பாதையானாலும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருக்க வேண்டும். ஆதாரை நம்பிப் போனால் ஏர்போர்ட்டிலேயே பயணம் முடிந்துவிடலாம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடக்கமா என்ற இரண்டையும் பாலிசியில் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.