ஆள் இல்லாத தோட்டத்துக்கு எந்த கேமரா தாங்கும்?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருந்துகொண்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் ஒரே கவலைதான். போர் மோட்டாரின் காப்பர் வயரை அறுத்துக்கொண்டு போவார்கள், மட்டையோடு தேங்காயை இறக்கிவிடுவார்கள், எல்லைக்கல் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்திருக்கும். அங்கே வைஃபை கிடையாது. கரண்ட் மோட்டார் ரூம் வரைக்கும்தான். வீட்டுக்கு மாட்டும் சிசிடிவி செட் இங்கே உதவாது.

மிஞ்சுவது மூன்று வகை. மெமரி கார்டு மட்டும் போடும் ட்ரெயில் கேமரா (மரத்தில் கட்டிவிட்டால், முன்னால் ஏதாவது அசையும்போது தானே படம் எடுக்கும் பெட்டி), சிம் போடும் ட்ரெயில் கேமரா, சோலார் பேனலோடு வரும் சுழலும் 4ஜி கேமரா. முதல் வகைதான் நம் நாட்டில் புலி எண்ணப் பயன்படுவது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இப்படிப்பட்ட கேமராக்களை வைத்தார்கள். கரண்ட், நெட் எதுவும் இல்லாத காட்டுக்குள் வெறும் பேட்டரி செல்லில் ஓடும் சாமான் என்பதால் தோட்டத்துக்கும் அது பொருந்துகிறது.

எத்தனை மெகாபிக்சல் என்பதுதான் கடையில் முதலில் காதில் விழும். அதை விட்டுவிடுங்கள். 48 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் சின்ன சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கியது பல மாடல்களில். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி.

மெமரி கார்டு ட்ரெயில் கேமராவுக்கு 8 ஏஏ செல், சிலவற்றுக்கு 12. ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் ரிமோட் செல்லைப் போட்டால் சீக்கிரமே தள்ளாடும், இரவு ஃப்ளாஷுக்கு வேண்டிய மின்சாரத்தை அதனால் தர முடியாது. ஆல்கலைன் செல் பரவாயில்லை. ஆனால் அதன் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும். பகல் படம் பளிச்சென்று வந்துகொண்டே இருக்க, ராத்திரிப் படம் மட்டும் இருண்டுகொண்டே போகும். ஏஏ லித்தியம் செல் கடைசிவரை ஒரே தெம்பில் ஓடும், விலைதான் கடிக்கும். நெடுநாள் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, எனலூப் போல சார்ஜ் சும்மா இறங்காத ரீசார்ஜபிள் செல்கள், இரண்டு செட். ஒன்று உள்ளே, ஒன்று வீட்டு சார்ஜரில். ஒரு நிபந்தனை: இந்தச் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. எட்டும் வரிசையாக இணைந்திருக்கும் கேமராவில் 12 வோல்ட்டுக்குப் பதில் 9.6தான் கிடைக்கும், சில கேமராக்கள் முழு சார்ஜிலேயே பேட்டரி தீர்ந்தது என்று சொல்லும். கையேட்டில் ரீசார்ஜபிள் ஆகும் என்று இருக்கிறதா பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிம் வகையில் படம் எடுப்பதைவிட அதை அனுப்பத்தான் பேட்டரி அதிகம் செலவாகும். டவர் தூரமாக இருந்தால் இன்னும் மோசம். பெட்டியில் ‘ஆறு மாதம்’ என்று இருந்தால் அது ஒரு நாளைக்குச் சில படங்கள் என்ற கணக்கு. காற்றில் ஆடும் தென்னை மட்டை, மேய வரும் மாடு எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. கேமரா முன்னால் தொங்கும் மட்டையை வெட்டிவிட்டாலே பேட்டரி ஆயுள் கூடும்.

சோலார் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். ஆனால் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலம் இருந்தால் அனல் மின்நிலையச் சாம்பல் பேனல்மேல் மாவுபோலப் படிகிறது. விரலால் இழுத்தால் கோடு விழும், மேலே பனி இறங்கினால் இறுகிக்கொள்ளும். துடைக்க ஆள் இல்லாத இடத்தில் சோலாருக்கு அர்த்தம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் போட்டால் அந்தச் சார்ஜும் கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல இடங்களில் கரண்டும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளில் சிம் கேமராவும் சேதி அனுப்பாது. கார்டிலும் சேமிக்கும் மாடலாக இருப்பது அதனால்தான் முக்கியம்.

வெயில் விஷயம் மூன்றுக்கும் பொது. பேட்டரியில் ஓடும் கேமரா பெரும்பாலும் உடல் சூட்டை உணர்ந்துதான் விழித்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் மண்ணும் காற்றும் மனித உடம்பு அளவுக்குச் சுடும்போது, ஆளையும் பின்னணியையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெட்டியில் 20 மீட்டர் என்றிருப்பதை மே மாத மத்தியானத்தில் நம்ப வேண்டாம். தேங்காய்க்கு வருபவன் மத்தியானத்திலும் வருவான். பாதையிலிருந்து ஐந்தாறு மீட்டரில், ஆள் குறுக்கே நடந்து போகும்படி வையுங்கள். கேமராவை நோக்கி நேராக வருபவனை அந்தச் சென்சார் தாமதமாகத்தான் பிடிக்கும். லென்ஸ் வடக்குப் பார்த்திருந்தால் சூரியன் நேரே அடிக்காது.

ராத்திரியில் கேமரா அடிக்கும் இன்ஃப்ராரெட் ஃப்ளாஷில், ஒளியின் அலைநீளத்தை வைத்து 850 நானோமீட்டர், 940 என்று இரண்டு உண்டு. 850 தூரம் எட்டும், ஆனால் சிவப்புப் பொட்டு தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். திருடன் கண்ணில் பட்டால் கேமராவும் சேர்ந்து போகும் என்பதால் எனக்கு 940தான்.

உப்புக்காற்று இன்னொரு எதிரி. பழவேற்காடு ஏரி ஓரத்தில் ஒரு மழைக்காலம் நின்ற கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்தால், ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், மைக் ஓட்டையில் எறும்பு முட்டை வைத்திருக்கும். வாங்கும்போது மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அது மெல்லியதாகவோ கோணலாகவோ இருந்தால் வேண்டாம். போகும்போதெல்லாம் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை மாற்றி வையுங்கள். அமெரிக்க ரீகானிக்ஸ் கம்பெனியின் ஹைப்பர்ஃபயர் 2 ட்ரெயில் கேமரா இந்த உழைப்புக்குப் பெயர் போனது, ஐந்து வருட வாரண்டியும் உண்டு. ஆனால் விலை பல மடங்கு, பழுதானால் அங்கேதான் அனுப்ப வேண்டும். அந்தக் காசில் சுமாரானவை சிலவற்றை வாங்கிவிடலாம்.

சரி, எதை வாங்குவது? மோட்டார் ரூமுக்கு மெமரி கார்டு வகை, 940, ஆள் உயரத்துக்கு மேலே, இலை மறைவில். கேட்டுக்குச் சிம் வகை, ஏனென்றால் உள்ளே நுழைந்தவுடன் தெரிந்தால்தான் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்குப் போன் போட முடியும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் சிம் வகையே எடுங்கள். படத்தை ஒரு மாதம் கழித்துப் பார்த்து என்ன செய்வது? சுழலும் சோலார் கேமரா, காவலாளோ குத்தகைக்காரரோ தங்கியிருக்கும் இடத்துக்கு. கண்ணில் படுவதே அதன் வேலை, துடைக்கவும் ஆள் இருப்பார்.

சிம் வகையை வெளிநாட்டு மாடலாக வாங்கினால் நெட்வொர்க் சேருமா என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லவே இல்லை. 4ஜியிலும் ஜியோ ஓடும் 3, 5, 40 ஆகிய பேண்டுகள் (அலைவரிசைகள்) கேமராவில் இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதென்றால் உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு, ஒரு படம் உங்கள் போனுக்கு வந்த பிறகு காசு கொடுங்கள். அதே சிம்மை தோட்டத்திலும் ஒருநாள் போனில் போட்டு சிக்னல் எத்தனை கட்டை என்று பார்த்திருக்க வேண்டும். ரீசார்ஜ் 28 நாள் பேக்காக இல்லாமல் நீண்ட நாள் பேக்காக இருக்கட்டும்.