தூத்துக்குடியில் மூழ்கி மண்டபத்தில் கரையேறிய கார்: பதினெட்டு மாத அனுபவம்

'தண்ணியில்லாக் காடு' என்று பெயர் வாங்கிய மாவட்டம் எங்களுடையது. அரசு ஊழியரை மிரட்ட நினைக்கும் மேலதிகாரியின் வாயில் முதலில் வருவது இராமநாதபுரத்தின் பெயர்தான். அந்த ஊருக்குத் தண்ணீரில் மூழ்கிய ஒரு காரைக் காசு கொடுத்து அழைத்துவந்தவன் நான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வெள்ளத்தில் சிக்கிய கார்களில் பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாதவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் 'டோட்டல் லாஸ்' என்று தீர்த்துவிட்டன. அவற்றில் ஒன்று ஏழு மாதம் கழித்து மதுரையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் பளபளவென்று நின்றது. 2019 மாடல், 1200 சி.சி. பெட்ரோல், ஓடியது 41,000 கிலோமீட்டர். குறையில்லாத வண்டி என்றால் ஐந்து லட்சம் கேட்பார்கள். இவர் கேட்டது மூன்றரை. ஆடி மாதம் என்பதால் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. 3,05,000 ரூபாய்க்குப் படிந்தது.

கடலோர ஊரான மண்டபத்தில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பாவை மாதம் இருமுறை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். போய்வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்த இரவில்தான் சொந்தமாக வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஏமாந்து வாங்கவில்லை, தெரிந்தேதான் வாங்கினேன். கீழக்கரையில் பணிமனை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போயிருந்தேன். காக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அந்த ஊர்ப் பேச்சில் அண்ணன் என்று பொருள். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினார். கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளைக் காட்டினார், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல். "தம்பி, இவ்வளவு சென்ட் அடித்திருக்கிறார்கள் என்றால் நாற்றம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்" என்றார். வியாபாரி அதுவரை "லேசாகத் தண்ணீர் பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட்டைப் பார்த்தபிறகு அந்த 'லேசாக' காணாமல் போனது.

காக்கா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: மழைத் தண்ணீரா, கடல் தண்ணீரா? உப்புத் தண்ணீர் என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்.

வியாபாரிக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருந்தார். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, இன்னும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நான் அந்த அண்ணாச்சியின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். மனிதர் ஒளிக்கவில்லை. ஊருக்குள் தெருவில் நின்ற வண்டி, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குளம் உடைந்து வந்த தண்ணீர், சீட்டுக்கு மேல் இரண்டு நாள் நின்றது என்றார். காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 3,90,000. ஷோரூம் விலை ஆறரை லட்சத்தில் வயதுக்கு 40 சதவீதம் கழித்த தொகை அது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். இவர் வண்டிக்கு அந்த எல்லை 2,92,500; சர்வீஸ் சென்டர் போட்ட எஸ்டிமேட் நான்கரை லட்சம். "பெயரை மட்டும் சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி, எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று அவர் கெஞ்சினார். அந்தப் பயம் நியாயமானது. வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நம் ஆர்.சி.யில் 'இது டோட்டல் லாஸ் ஆன வண்டி' என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். மூழ்கிய கதை வராது. இன்சூரன்ஸ் கம்பெனி சில வண்டிகளின் ஆர்.சி.யை ரத்து செய்து உடைக்கக் கொடுக்கும், சிலவற்றை ஆர்.சி.யோடு ஏலத்தில் விடும். முதல் வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சாலைக்கு வராது. என்னுடையது இரண்டாம் வகை. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, தட்டையும் தடவிப்பார்த்தபிறகே முன்பணம் கொடுத்தேன். அப்படியும் அண்ணாச்சியின் பழைய கடன் ஆர்.சி.யில் அழியாமல் இருந்தது. வங்கியின் தடையின்மைச் சான்று, ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35 என்று ஆறு வாரம் அலைந்தேன்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் மனிதர்களின் நிறம் தெரிந்தது.

டோட்டல் லாஸ் கொடுத்ததோடு பழைய பாலிசி முடிந்துபோயிருந்தது. வியாபாரி, நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பு மட்டும் போட்டு வைத்திருந்தார். சாதாரணமாகப் பழைய கார் வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு மாற்றுவதற்கு உருப்படியான பாலிசியே இல்லை. முழுக் காப்பு புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஏஜென்ட் ஒருவர் கடைக்கே வந்தார். முன்பு க்ளெய்ம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, க்ளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தையும் சேர்த்துவிட்டார். "யார் பார்க்கப் போகிறார்கள் அண்ணே, எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்றார்.

பிரீமியம் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். பணம் கொடுக்க வேண்டிய நாளில் எல்லோரும் பார்ப்பார்கள். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அண்ணாச்சியின் போனஸ் எனக்கு வராது. எனக்கென்று போனஸ் சேர நான் அதற்குமுன் கார் வைத்திருந்ததில்லை. பொய் சொல்லி எடுத்த பாலிசியைக் காட்டி க்ளெய்ம் கேட்டால் மறுப்பதற்கு அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளத்தில் டோட்டல் லாஸ் ஆன வண்டி, பழுதுபார்க்கப்பட்டது என்று தனித்தாளில் எழுதி, பில்களையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன. மூன்றாவது கம்பெனி ஆள் அனுப்பி எல்லாப் பக்கமும் படம், வீடியோ எடுத்து, பத்து நாள் யோசித்து ஒப்புக்கொண்டது. ஐ.டி.வி. 2,60,000. உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர்-டு-பம்பர் கிடையாது, எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை கிடையாது. சொந்தச் சேதத்துக்கு 6,850, மூன்றாம் நபர் காப்புக்கு 3,416, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்புக்கு 325, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி.; மொத்தம் 12,497 ரூபாய்.

எஞ்சின் பாதுகாப்பு இல்லை என்பதன் பொருள் புரிந்து இருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்று, மீண்டும் சாவி திருப்பி எஞ்சின் இறுகிப்போனால் சாதாரண பாலிசி அதைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதனால் பெருமழை நாளில் என் கார் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. ஒருமுறை மூழ்கியதற்கு மறுபடியும் நீச்சல் எதற்கு.

ஓட்டிய அனுபவம் எப்படி என்றால், எஞ்சின் தங்கம். இன்றும் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. தொல்லையெல்லாம் மின்சாரத்தில். மூன்றாம் மாதம் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஆல்டர்னேட்டர் செத்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் பாலத்தில் ஏதோ வேலை நடந்துகொண்டிருக்க, முன்னும் பின்னும் சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்பா மட்டும் பின்சீட்டிலிருந்து, "நல்ல இடமாகப் பார்த்துத்தான் நிற்கிறது" என்றார்.

இராமநாதபுரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் தரைக்கம்பளத்தைக் கிழித்துக் காட்டியபோதுதான் நோய் தெரிந்தது. மேலே காய்ந்திருந்த கம்பளத்தின் அடியில் பஞ்சு இன்னும் ஈரம். அதன்மேல் படுத்திருந்த வயர்களின் இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு. மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டி எங்கள் கடற்காற்றுக்கு வந்ததும், உள்ளிருந்த ஈரத்துக்கு உப்பும் கிடைத்துவிட்டது. உள்நாட்டு ஊரில் மூன்று ஆண்டு எடுக்கும் துரு இங்கே ஓராண்டில் முடிந்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால், அன்றிரவே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுகிறேன். குடிக்கவே தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று மனைவி சொல்லிக்காட்டாத வாரமில்லை.

என்னை உண்மையிலேயே உலுக்கியது வேறு. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கும் அப்படித்தான். என் வண்டியில் அது எரிந்ததே இல்லை. எரியாவிட்டால் கோளாறு இல்லை என்று நான்கு மாதம் நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன். விளக்கின் தொடர்பையே யாரோ துண்டித்து வைத்திருந்தார்கள். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி நடுவில், கியருக்குக் கீழே தரையோடு இருக்கும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறி அது எப்போதோ போயிருந்தது. அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் பரமக்குடி தாண்டிய நாட்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. சீட் பெல்ட்டை உருவிக் காட்டிய காக்காவும் இதைக் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. புதுப் பெட்டி, வயரிங் எல்லாம் சேர்த்து 31,000 ஆனது.

மற்றவை: வயர் இணைப்புகளுக்கு 11,000, ஆல்டர்னேட்டர் 9,500, கம்பளமும் பஞ்சும் 7,500, இரண்டு வீல் பேரிங் 6,400, அடிப்பூச்சு 5,500, ஏ.பி.எஸ். சென்சார் 4,200. எல்லாம் கூட்டினால் 75,100. ஆக வண்டியின் அடக்கம் 3,80,100. குறையில்லாத வண்டியைவிட இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் லாபம்தான். ஆனால் நாளை திருடு போனால் பாலிசி கொடுப்பது ஐ.டி.வி.யான 2,60,000 கணக்கில்தான். வண்டிக்குள் நான் போட்ட பணத்தைப் பாலிசிக்குத் தெரியாது. மலிவாக வாங்கினோம் என்று மகிழும்போது இந்த இடைவெளியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை.

உண்மையை எழுதிக்கொடுத்ததன் பலன் சென்ற ஆண்டு கிடைத்தது. உச்சிப்புளி அருகே மீன் லோடு வேன் ஒன்று பின்னால் வந்து இடித்தது. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் பார்த்த முதல் பார்வையே சந்தேகம். இது பழைய அடியாக இருக்குமோ என்று இழுத்தார். பாலிசி எடுக்கும்போது அவர்களே எடுத்த படங்களும் என் தாளும் கோப்பில் இருந்தன, அதற்குமேல் பேச்சில்லை. வரி நீங்கலாக பில் 31,700. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் 6,200-இல் பாதி தேய்மானக் கழிவு. டிக்கிக் கதவு தகரம், வண்டிக்கு ஐந்து வயது கடந்துவிட்டதால் 11,000-இல் 40 சதவீதம் கழிவு. கண்ணாடி 4,500-க்குக் கழிவில்லை, கூலி 4,000-க்கும் இல்லை. பெயின்ட் வேலை 6,000-இல் 750 போனது. கட்டாயப் பிடித்தம் 1,000 கழித்துக் கைக்கு வந்தது 22,450. அந்த ஏஜென்டின் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதில் ஒரு ரூபாய் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இப்போது 65,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் உள்ளே ஒரு வாடை எழும். கருவாடு ஏற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அதை நம்பாதவர் இல்லை.

போன மாதம் பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, சீட் பெல்ட்டை நானே கடைசிவரை உருவி அந்தச் செம்மண் கோட்டைக் காட்டினேன். சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கு எரிந்து அணைவதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், நான் சொன்ன விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டார். இருபதாயிரம் குறைக்க நான் இறங்கிவந்திருக்கிறேன். பேச்சு இன்னும் முடியவில்லை.