நடபடிகள் சுவர்ப்படத் தொகுப்பு: வரைந்தது நன்று, தேர்ந்ததில் கோளாறு

கோடையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தும் சபைகளுக்கென்று புதுச்சேரியில் கிறிஸ்தவப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஒரு சுவர்ப்படத் தொகுப்பு கிடைக்கிறது. 20க்கு 30 அங்குலத்தில் 12 படங்கள், காலண்டருக்கு இருப்பதுபோல மேலே தகரப் பட்டை, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆசிரியர் வாசிக்க ஒரு பக்கக் கதை. விலை 650 ரூபாய். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் ஊழியருக்கு வந்த எதிர்ப்பும் தேவன் அவர்களைக் காத்த விதமும்தான் பொருள்.

வரைந்தவர் வேதத்தைப் படித்துவிட்டு வரைந்திருக்கிறார். 12ஆம் அதிகாரத்தில் பேதுரு இரண்டு சங்கிலிகளோடு இரண்டு சேவகர் நடுவே தூங்குகிறார். நால்வர் வீதம் நான்கு வகுப்பு, ஆக 16 காவலர் என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கும்படி ஓரத்தில் சிறு உருவங்கள். 23ஆம் அதிகாரப் படம் அதற்கும் மேல். பவுலைக் கொல்லச் சபதம் செய்த நாற்பதுக்கும் மேற்பட்டோர், அதைக் கேட்டு ஓடிவந்து சொல்லும் அவருடைய சகோதரி மகன், 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரரோடு இரவோடிரவாகச் செசரியாவுக்குப் பயணம். தூதன் வரவில்லை, பூமி அதிரவில்லை. ஒரு மருமகனின் காதும் ரோம சேனாபதியின் உத்தரவுமே போதுமாயிருந்தன. இதைச் சேர்த்தவருக்கு ஒரு சபாஷ்.

கோளாறு தேர்வில் இருக்கிறது. சிறைக்கதவு திறந்த சம்பவங்கள் மூன்றும் (5, 12, 16ஆம் அதிகாரங்கள்) உண்டு, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் இல்லை. பேதுரு தப்பிய அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டாரே, அவரும் இல்லை. தூதன் விடுவித்த அப்போஸ்தலரை அன்றைக்கே யூதரின் ஆலோசனைச் சங்கம் அடித்து அனுப்பியது (5:40) கதைப்பக்கத்தில் விடுபட்டிருக்கிறது. இதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, ஜெபித்தால் அடியே விழாது என்று கணக்குப் போடும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் கணக்கு தாங்காது. மிரட்டலுக்குப் பிறகு சபை ஏறெடுத்த ஜெபத்தை (4:29) வைத்திருந்தாலே சரியாகியிருக்கும்: ஆபத்து நீங்க வேண்டும் என்று அங்கே கேட்கவில்லை, தைரியமாய்ப் பேச வேண்டும் என்றுதான் கேட்டார்கள். 'ஒருவனும் உன்மேல் கைபோடுவதில்லை' என்ற வாக்கு பவுலுக்குக் கொரிந்துவில் கிடைத்தது, அங்கே ஒன்றரை வருஷம் தங்கினார். அதற்கு முன்பு லீஸ்திராவில் கல்லெறிபட்டு, இறந்தார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டவரும் அவரேதான்.

இதைவிடக் கனமான பிழை ஒன்று. எதிர்த்தவர் அத்தனை பேருக்கும் ஒரே தாடி, ஒரே முறைப்பு, 'யூதர்' என்ற ஒரே பெயர். 4, 5ஆம் அதிகாரங்களில் கைதுசெய்தவர்கள் ஆலயத்து அதிகாரிகளும் உயிர்த்தெழுதலை ஒப்பாத சதுசேயர் என்ற யூதப் பிரிவினரும். 'இவர்களை விட்டுவிடுங்கள்' என்று தடுத்தவர் பரிசேயர் என்ற இன்னொரு யூதப் பிரிவைச் சேர்ந்த கமாலியேல். பிலிப்பியிலும் எபேசுவிலும் சண்டையின் வேர் வருமானம்: குறிசொல்லும் பெண்ணின் எஜமான்கள், வெள்ளிக் கோவில்கள் செய்த தெமேத்திரியு, எவரும் யூதர் அல்லர். அப்போஸ்தலர்தாம் யூதர். புதுச்சேரி முத்தியால்பேட்டையோ கடலூர் மஞ்சக்குப்பமோ, வி.பி.எஸ்ஸுக்கு மற்ற மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு மதத்தாரையே வில்லனாக நிறுத்துவது வம்பு.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், 7:54-60க்கும் 12:1-2க்கும் ஏ3 தாளில் கோட்டுப்படம் வரைந்து இடையில் செருகுங்கள். பின்பக்கக் கதையை அப்படியே வாசிக்காமல் அதிகாரத்தையே வாசியுங்கள். எழுத்துச் சிறியது, பத்தடிக்கு அப்பால் தெரியாது. 30 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இரண்டு வட்டமாக உட்கார வையுங்கள். பளபள லேமினேஷன் டியூப்லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும், விளக்குக்கு எதிர்ச் சுவரைத் தவிருங்கள்.

தகரப் பட்டை கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துப் படத்தில் கறை இறக்கும். வாங்கிய அன்றே கழற்றிவிட்டு பிளாஸ்டிக் பட்டை மாட்டிவிடலாம். மடிக்காமல், படம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி வையுங்கள். அடுத்த முறை தொங்கவிடும்போது ஓரம் முன்பக்கம் சுருளாது. ஐப்பசி மழைக்கு முன் தரையிலிருந்து தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.